ஒரே பந்தி, ரெண்டு சாப்பாடு - ஏர் இந்தியா பைலட்டுகளின் சண்டை

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. நாகல் நகர்க்காரர் ஒருவர் விமானம் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்து மதுரைக்குப் போக வேண்டும். அதனால் "பைலட்டுகள் சம்பளப் பிரச்சினை, விமானங்கள் ரத்து" என்று பேப்பரில் செய்தி வந்தால் இங்கே டீக்கடை பெஞ்சில் விழும் முதல் கமெண்ட் எப்போதும் ஒன்றுதான்: "லட்சக்கணக்குல வாங்குறவனுக்கு என்னப்பா குறைச்சல்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது. உலகத்தில் பாதி சம்பளச் சண்டை "எனக்கு எவ்வளவு?" என்பதற்காக நடப்பதில்லை. "பக்கத்தில் இருப்பவனுக்கு எவ்வளவு?" என்பதற்காகத்தான் நடக்கிறது. நாகல் நகரில் தறி ஓடும் தெருக்களில் இதைப் புரிய வைக்கப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரே முதலாளிக்கு, ஒரே மாதிரி சேலை நெய்யும் இரண்டு பேருக்கு வேறு வேறு கூலி கொடுத்துப் பாருங்கள். அடுத்த நாள் தறிச் சத்தம் கேட்காது, சண்டைச் சத்தம்தான் கேட்கும்.

ஏர் இந்தியாவில் நடந்ததும் அதேதான். என்ன, அங்கே தறிக்குப் பதில் விமானம் :)

பைலட் சம்பளம் எப்படி?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பைலட்டின் சம்பளம் நம் ஊர் ஆபீஸ் சம்பளம் மாதிரி ஒரே தொகை இல்லை. அதில் ஒரு பகுதி நிலையானது. பெரிய பகுதி பறக்கும் நேரத்தைப் பொறுத்தது. மாதத்தில் எத்தனை மணி நேரம் விமானத்தில் இருந்தாரோ அதற்கேற்ற அலவன்ஸ். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இத்தனை மணி நேரத்துக்குப் பணம் உறுதி என்று சில கம்பெனிகளில் ஒப்பந்தம் இருக்கும். அந்த "உறுதி மணி நேரம்" எத்தனை என்பதில்தான் பல சண்டைகள் ஆரம்பிக்கும்.

திண்டுக்கல் - மதுரை ரூட்டில் ஓடும் தனியார் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கலெக்‌ஷனுக்குத் தகுந்தபடி டிரைவருக்குப் படி. அதனால்தான் ஸ்டாப்பில் ஆள் பிடிக்க அந்த ஓட்டம். பைலட் அப்படி ரேஸ் விட முடியாது, ஆனால் சம்பளத்தின் சூத்திரம் கிட்டத்தட்ட அதே சொந்தக்காரன்தான்.

இன்னொரு விஷயம் சீனியாரிட்டி. கோ-பைலட் எப்போது கேப்டன் ஆவார், யார் பெரிய விமானத்துக்குப் போவார், யாருக்கு வெளிநாட்டு ரூட் என்று எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் பத்து இடம் கீழே போனால் சில வருடத்து வருமானமே போகலாம். கேப்டனுக்கும் கோ-பைலட்டுக்கும் சம்பளத்தில் அவ்வளவு வித்தியாசம்.

இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை சுலபமாகப் புரியும்.

ரெண்டு வீடு, ஒரே அப்பா

1953ல் மத்திய அரசு விமானக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியது. வெளிநாட்டுப் பறப்புக்கு ஏர் இந்தியா. உள்நாட்டுக்கு, எட்டு கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ். இரண்டுக்கும் முதலாளி அரசுதான், ஆனால் குடித்தனம் தனித்தனி. ஏர் இந்தியாவில் பெரும்பாலும் போயிங் விமானங்கள், நீண்ட தூரப் பயணம், லண்டன், நியூயார்க். இந்தியன் ஏர்லைன்ஸில் ஏர்பஸ், ஒரே நாளில் பல டேக்-ஆஃப், பல லேண்டிங்.

யூனியனும் தனித்தனி. ஏர் இந்தியா பைலட்டுகளுக்கு இந்தியன் பைலட்ஸ் கில்ட். இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளுக்கு இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். இரண்டும் அவரவர் நிர்வாகத்தோடு தனித்தனியாகப் பேரம் பேசி, தனித்தனி சம்பள ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஐம்பது வருடத்துக்கு மேல் இதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. வீடு வேறு, சமையல் வேறு.

2007ல் அரசு இரண்டு கம்பெனிகளையும் ஒன்றாக்கியது. பிரஃபுல் படேல் அப்போது விமானப் போக்குவரத்து அமைச்சர். பேர் ஒன்று, போர்டு ஒன்று, முதலாளி ஒருத்தர். ஆனால் சம்பள ஒப்பந்தம் மட்டும் இரண்டு. சீனியாரிட்டி பட்டியலும் இரண்டு.

அதாவது சுவரை இடித்துப் பந்தியை ஒன்றாக்கிவிட்டார்கள். இலையில் மட்டும் இரண்டு சாப்பாடு. ஒரு வரிசைக்கு பிரியாணி, எதிர் வரிசைக்கு குஸ்கா. அப்புறம் "ஏன் சத்தம் போடுறாங்க?" என்று ஆச்சரியப்பட்டால் எப்படி?

திண்டுக்கல் மக்களுக்கு இணைப்பு புதிதில்லை. இங்கே ஒரு காலத்தில் ராணி மங்கம்மாள் போக்குவரத்துக் கழகம் என்று இருந்தது. மதுரைக்குப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1997ல் தலைவர்கள் பெயர் எல்லாம் போய், எல்லாம் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆனது. இன்றைக்குத் திண்டுக்கல் மதுரைக் கழகத்தின் ஒரு மண்டலம். பஸ்ஸில் பேர் மாறியது, ஆனால் டிரைவர்கள் "பாண்டியன் டிரைவருக்கு ஒரு சம்பளம், மங்கம்மாள் டிரைவருக்கு ஒரு சம்பளமா?" என்று அடித்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. காரணம், மாநிலம் முழுக்க அரசு பஸ் ஊழியர்களுக்கு ஊதிய ஒப்பந்தம் பொதுவானது. பஸ் கம்பெனிக்குத் தெரிந்த கணக்கு விமானக் கம்பெனிக்குத் தெரியாமல் போனது.

2011: "அவங்களுக்கு மட்டும் ஏன்?"

நான்கு வருடம் பொறுத்தார்கள். 2011 ஏப்ரல் 26 நள்ளிரவில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகள் ஸ்ட்ரைக்கில் இறங்கினார்கள். முக்கியக் கோரிக்கை: ஏர் இந்தியா பைலட்டுகளுக்கு இணையான சம்பளம். கூடவே நிர்வாகச் சீர்கேடுகள் பற்றி சி.பி.ஐ. விசாரணை வேண்டும் என்றும் கேட்டார்கள்.

நிர்வாகம் யூனியனின் அங்கீகாரத்தை ரத்து செய்தது, அலுவலகங்களுக்குச் சீல் வைத்தது, சிலரை வேலையை விட்டு நீக்கியது. டெல்லி உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொன்னது, திரும்பாததால் நீதிமன்ற அவமதிப்பு. உள்நாட்டு விமானங்களில் பெரும்பகுதி முடங்கி, பயணிகள் ஏர்போர்ட் தரையில் படுத்துக் கிடந்தார்கள். பத்து நாள் கழித்து மே 6ந் தேதி சமரசம். சம்பளம், சீனியாரிட்டி எல்லாவற்றையும் உச்ச நீதிமன்ற ஓய்வு பெற்ற நீதிபதி தர்மாதிகாரி தலைமையிலான குழு பார்க்கும் என்றார்கள். குழு 2012 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது.

கவனியுங்கள். 2007க்கு முன்னால் போட வேண்டிய கமிட்டியை 2011ல் போட்டார்கள். கல்யாணம் முடிந்து நாலு வருஷம் கழித்துப் பொருத்தம் பார்த்த கதை.

2012: "எங்க விமானத்தை அவங்களுக்கா?"

அடுத்த வருடம் மறுபக்கம் கிளம்பியது. ஏர் இந்தியா 27 போயிங் 787 டிரீம்லைனர் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. 2008ல் வர வேண்டியது, தள்ளித் தள்ளி 2012ல்தான் முதல் விமானம் வருவதாக இருந்தது. ஒரு பைலட் புது ரக விமானத்தை ஓட்ட வேண்டுமென்றால் அதற்கென்று தனி டிரெயினிங் எடுக்க வேண்டும். இரண்டு பக்கப் பைலட்டுகளுக்கும் டிரீம்லைனர் டிரெயினிங் என்று நிர்வாகம் முடிவு செய்தது.

ஏர் இந்தியா பைலட்டுகள் கொதித்தார்கள். இது ஒன்றாவதற்கு முன்பே எங்கள் கம்பெனிக்காக ஆர்டர் கொடுத்த விமானம் என்றார்கள். அதற்குப் பின்னால் உள்ள கணக்கு இதுதான்: இந்தியன் ஏர்லைன்ஸில் சின்ன விமானங்கள் அதிகம், அதனால் அங்கே கோ-பைலட் சீக்கிரம் கேப்டன் ஆகிவிடுவார். ஏர் இந்தியாவில் கேப்டன் சீட்டுக்கு நீண்ட க்யூ. இப்போது அந்தப் பக்கத்திலிருந்து கேப்டன்கள் நேராக டிரீம்லைனரின் இடது சீட்டில் வந்து உட்கார்ந்தால், இந்தப் பக்கம் வருடக்கணக்காகக் காத்திருக்கும் கோ-பைலட்டின் க்யூ இன்னும் நீளும்.

2012 மே 7, 8 தேதிகளில் கூட்டமாக "உடம்பு சரியில்லை" லீவு. பள்ளிக்கூடத்தில் பரீட்சை அன்றைக்கு வரும் வயிற்று வலி மாதிரி! ஆனால் இது 58 நாள் நீடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பைலட்டுகள் வேலை நீக்கம். சர்வதேச விமானங்கள் வரிசையாக ரத்து. ஜூலை 3ந் தேதி, டெல்லி உயர் நீதிமன்றத்தில்தான் முடிந்தது.

இதில் கசப்பான விஷயம், 2011ல் ஒரு பக்கம் ஸ்ட்ரைக் செய்தபோது மறுபக்கம் அவர்களோடு சேர்ந்து இறங்கவில்லை. 2012ல் மறுபக்கம் ஸ்ட்ரைக் செய்தபோது இந்தப் பக்கம் விமானம் ஓட்டியது. ஒரே சீருடை, ஒரே சின்னம். ஆனால் ஒருவர் போராட்டத்தை இன்னொருவர் உடைத்தார்கள். நிர்வாகத்துக்கு வேறென்ன வேண்டும்?

யார் பக்கம் நியாயம்?

இரண்டு பக்கமும்! அதுதான் பிரச்சினையே.

ஒரே கம்பெனி, ஒரே வேலை, ஒரே சம்பளம் என்று கேட்டது நியாயம். பல வருடம் காத்திருந்த வரிசையில் பக்கவாட்டில் ஆள் நுழைந்தால் கோபம் வருவதும் நியாயம். ரேஷன் கடை வரிசையில் நின்ற எவருக்கும் இரண்டாவது கோபம் புரியும். இரண்டு நியாயங்கள் மோதிக்கொள்ளும் என்று 2007லேயே தெரிந்திருக்க வேண்டியவர்கள், அதைத் தீர்க்காமல் கையெழுத்துப் போட்டவர்கள். பைலட்டுகள் கோபம் அவர்கள் மேல் போயிருக்க வேண்டும். போனது எதிர் வரிசை இலை மேல்.

"மற்ற ஊழியர்கள் சம்பளமே தாமதமாக வாங்கும்போது, அதிகம் வாங்கும் இவர்கள் ஸ்ட்ரைக் செய்யலாமா?" என்று அப்போது கேட்டார்கள். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. 2012 ஏப்ரலில்தான் மத்திய அரசு ஏர் இந்தியாவைக் காப்பாற்ற 2020-21 வரை படிப்படியாகச் சுமார் 30,000 கோடி ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டது. அது வரிப்பணம். விமானத்தில் காலே வைக்காத நாகல் நகர் நெசவாளி வாங்கும் சோப்புக்குக் கொடுத்த வரியும் அதில் உண்டு. அந்தப் பணம் ஒப்புக்கொண்ட அடுத்த மாதமே 58 நாள் ஸ்ட்ரைக் என்றால் ஜனங்களுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். பைலட்டுகளின் கோரிக்கை நியாயம், நேரமும் முறையும் தப்பு. கேஸை வாதாட வேண்டிய இடத்தில் பொய்க் காய்ச்சலை அனுப்பினால் நீதிபதியும் இரங்க மாட்டார், பயணியும் இரங்க மாட்டார்.

அமெரிக்காவிலும் இதே கூத்து

இது நம் நாட்டு வியாதி மட்டுமில்லை. 2005ல் அமெரிக்காவில் யு.எஸ். ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் ஒன்றாயின. 2007ல் ஒரு நடுவர் இரண்டு சீனியாரிட்டி பட்டியலையும் சேர்த்துத் தீர்ப்பு சொன்னார். பல வருடம் வேலை செய்த எங்களை நேற்று வந்தவர்களுக்குக் கீழே போட்டுவிட்டார் என்று கிழக்குப் பக்கப் பைலட்டுகள் ஏற்க மறுத்தார்கள். எண்ணிக்கையில் அதிகம் இருந்ததால் 2008ல் பழைய யூனியனையே மாற்றிவிட்டுப் புது யூனியன் கொண்டு வந்தார்கள். வழக்கு மேல் வழக்கு. கம்பெனியே 2013ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு சேர்ந்துவிட்டது. பட்டியல் முடிவானது 2016ல். பதினோரு வருடம்!

அதே நாட்டில் 2008ல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் இணைந்தன. அங்கே இணைப்பு முடிவதற்கு முன்பே இரண்டு பக்கப் பைலட்டுகளுக்கும் பொதுவான சம்பள ஒப்பந்தம் போட்டார்கள். சீனியாரிட்டியை நடுவர்களிடம் விட்டார்கள், அந்த வருடம் டிசம்பரிலேயே பட்டியல் வந்துவிட்டது. சண்டை இல்லாமல் இல்லை, ஆனால் விமானம் நிற்கவில்லை. வித்தியாசம் ஒன்றே ஒன்று: கணக்கை முன்னாடி முடித்தார்களா, பின்னாடி முடித்தார்களா.

தனியாரில் வேறு மாதிரி போட்டி

அரசுக் கம்பெனியில் பைலட்டுகள் ஒருவரோடொருவர் மோதினார்கள் என்றால், தனியாரில் கம்பெனிகள் பைலட்டுகளுக்காக மோதின. 2003ல் ஏர் டெக்கான், 2005ல் கிங்ஃபிஷர், அதே வருடம் மதுரை மில் குடும்பத்திலிருந்து வந்த பாரமவுன்ட் ஏர்வேஸ் என்று வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. விமானம் பணம் கொடுத்தால் வரும். கேப்டன் அப்படி வருவாரா? அடுத்தவன் கம்பெனியிலிருந்து இழுப்பதுதான் ஒரே வழி. சம்பளம் ஏறியது. ஆட்கள் தாவினார்கள். 2005ல் டி.ஜி.சி.ஏ. தலையிட்டு, வேலையை விடும் பைலட் ஆறு மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது. 2017ல் கேப்டன்களுக்கு அது ஒரு வருடம் ஆனது.

கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்றால் ராத்திரியோடு ராத்திரியாகச் சம்பளத்தை ஏற்றலாம். ஆளுக்குக் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இது என்ன நியாயம் என்று கேட்டால் பதில் இல்லை.

ஏறியது இறங்கவும் செய்தது. பாரமவுன்ட் 2010ல் நின்றது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது, பல மாதச் சம்பளப் பாக்கியோடு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ல் கடைசியாகப் பறந்தது. நேற்று வரை "எங்க கம்பெனிதான் ஒசத்தி" என்று காலரைத் தூக்கிவிட்டவர்கள், மறுநாள் எதிர்க் கம்பெனி வாசலில் குறைந்த சம்பளத்துக்கு இன்டர்வியூவுக்கு நின்றார்கள்.

திரும்பவும் அதே பந்தி

ஏர் இந்தியா 2022 ஜனவரி 27ல் டாடா கைக்குப் போனது. தனியார் என்றால் பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால், 2024ல் விஸ்தாராவை ஏர் இந்தியாவோடு சேர்க்கும்போது மறுபடியும் சம்பளப் பிரச்சினை. விஸ்தாரா பைலட்டுகளுக்கு மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாக இருந்த பணம், புது ஒப்பந்தத்தில் 40 மணி நேரத்துக்குத்தான் உறுதி என்று ஆனது. ஏப்ரல் முதல் வாரத்தில் பைலட் இல்லாமல் விமானங்கள் ரத்தாயின. கடைசியில் விஸ்தாரா தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைத்துக்கொண்டது. அந்த நவம்பர் 12ல் இணைப்பு முடிந்தது.

ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்னால் ஒரு நல்ல காட்சி நடந்தது. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா பைலட்டுகளுக்குப் புதுச் சம்பள ஒப்பந்தம் வந்தபோது, 2011லும் 2012லும் எதிரெதிராக நின்ற அதே இரண்டு யூனியன்களும் சேர்ந்து "கையெழுத்துப் போடாதீர்கள்" என்றன. 1,500க்கும் மேற்பட்ட பைலட்டுகள் ரத்தன் டாடாவுக்கு மனு அனுப்பினார்கள். அதற்குள் காலம் மாறிவிட்டது. புது நிர்வாகம் யூனியன்களை அங்கீகரிக்கவே இல்லை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு எதிர் வரிசைக்காரரோடு கை குலுக்கிய கதை.

நமக்கென்ன?

நிறைய இருக்கிறது. 1993 ஜனவரி 9ல், இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட் ஸ்ட்ரைக் நேரத்தில், உஸ்பெகிஸ்தானிலிருந்து வாடகைக்கு எடுத்த டுபோலெவ் விமானம் ஒன்று டெல்லியில் பனிமூட்டத்தில் இறங்கும்போது கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே இருந்த 165 பேரும் தப்பியது அதிர்ஷ்டம். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ அருகே ஒரு சின்ன விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்தது கான்டினென்டல் என்ற பெரிய பேர். ஓட்டியது கோல்கன் என்ற சின்னக் கம்பெனி. கோ-பைலட்டின் வருடச் சம்பளம் சுமார் 16,000 டாலர்தான் என்பது விசாரணையில் வெளியே வந்தது. விபத்துக்குச் சம்பளம்தான் காரணம் என்று யாரும் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் முந்தின ராத்திரி முழுக்க விமானத்தில் பயணம் செய்து டியூட்டிக்கு வந்தவர் அவர். வேலை பார்க்கும் ஊருக்குப் பக்கத்தில் வீடு எடுக்க அந்தச் சம்பளம் போதுமா என்ற கேள்வியை யாராலும் தள்ள முடியவில்லை.

இன்னொன்று. நம் கிளாஸிலேயே பைலட் ஆக ஆசைப்படுபவர்கள் இருப்பார்கள். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், பல பத்து லட்சம் செலவு. வீட்டை அடமானம் வைத்துப் படிக்கும் பிள்ளைக்கு "கேப்டன் சம்பளம் இத்தனை லட்சம்" என்று மட்டும் சொல்லும் விளம்பரம் பாதி உண்மைதான் சொல்கிறது. அந்த லட்சத்தில் எவ்வளவு உறுதி, எவ்வளவு பறந்தால்தான் வரும், பட்டியலில் எத்தனை பேர் முன்னால் நிற்கிறார்கள், கம்பெனி இணைந்தால் அந்த இடம் என்ன ஆகும்? சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இனி எந்த இரண்டு கம்பெனிகள் சேர்ந்தாலும் சரி, செய்ய வேண்டியது சுலபம். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சம்பள ஒப்பந்தம் ஒன்றாக வேண்டும். சீனியாரிட்டிப் பட்டியலை இரண்டு பக்கமும் ஏற்கும் நடுவர் முடிக்க வேண்டும். இது இரண்டும் முடியாமல் இணைப்புக்கு அனுமதியே கொடுக்கக் கூடாது. பைலட்டுகளும் எதிர் இலையை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, சமையல்கட்டுப் பக்கம் திரும்ப வேண்டும்.

ஏனென்றால் பரிமாறுபவன் செய்த பாகுபாட்டுக்குப் பக்கத்து இலைக்காரனோடு சண்டை போட்டால், கடைசியில் இரண்டு பேருக்கும் சாப்பாடு கிடைக்காது. வெளியே வரிசையில் நிற்கும் பயணிக்கும் கிடைக்காது!